சியோல் அரண்மனை வாசல் காவல்: கியோங்பொக்குங்கா, தொக்சுகுங்கா, இல்ல சுவோன் வரைக்கும் போகணுமா?

சியோல் போயிட்டு வந்தவங்க ஃபோனை வாங்கிப் பாருங்க, இந்த ஒரு ஃபோட்டோ கண்டிப்பா இருக்கும். பெரிய மர வாசல், அதுக்கு முன்னாடி செவப்பும் நீலமுமா அங்கி போட்ட ஆளுங்க, தலைல இறகு சொருகின கருப்புத் தொப்பி, கைல ஈட்டி, மூஞ்சில ஒட்டுத்தாடி. எந்த அரண்மனைப்பான்னு கேட்டா "அதான் அந்த அரண்மனை"ம்பாங்க. அவங்களச் சொல்லி குத்தமில்ல, எனக்கே மொத தடவை தெரியாது, அங்க நடக்குற வாசல் காவல் மாத்துற சடங்கு ஒரே நிகழ்ச்சின்னு நெனச்சிட்டு இருந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சது நடந்து போற தூரத்துல இருக்குற ரெண்டு அரண்மனைல ரெண்டு தனித்தனி ஆளுங்க இதை நடத்துறாங்கன்னு. கியோங்பொக்குங்ல நடத்துறது மத்திய அரசு சார்ந்த பாரம்பரிய அமைப்பு, 2002ல இருந்து. தொக்சுகுங்ல நடத்துறது சியோல் மாநகராட்சி, 1996லயே ஆரம்பிச்சுட்டாங்க. அதாவது சின்ன அரண்மனைல நடக்குறதுதான் அண்ணன், பெரிய அரண்மனைல நடக்குறது தம்பி.

என் தீர்ப்ப முன்னாடியே சொல்லிடுறேன், ஒண்ணே ஒண்ணுதான் பாக்க முடியும்னா தொக்சுகுங் போங்க. பத்துல எட்டு பேரு கியோங்பொக்குங்னுதான் சொல்லுவாங்க, அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

பேரு வாய்ல நுழையலன்னா ஒரு குறுக்குவழி இருக்கு. கொரிய மொழில குங்னா அரண்மனை, முன்னா வாசல். நமக்கு முன்னா முன்னாடி, வாசல் இருக்குறதும் வீட்டுக்கு முன்னாடிதானே, ரெண்டு மொழிக்கும் சம்பந்தமே இல்லன்னாலும் ஞாபகம் வச்சுக்க வசதி. குவாங்ஹ்வாமுன், தேஹன்முன், ஹுங்னியேமுன் எல்லாமே வாசல் பேருங்கதான். அந்த வாசலுக்குப் பொறுப்பான அதிகாரி சுமுன்ஜாங். கொரியாவ ஆண்ட ஜோசோன் வம்சத்து காலத்துல 1469ல இந்தப் பதவிய தனியா உண்டாக்குனாங்க, அதுக்கு முன்னாடி வரைக்கும் வேற வேற படைக்காரங்க முறை வச்சு வாசல பாத்துக்கிட்டு இருந்தாங்க. வேலை என்னன்னா வாசலத் திறக்குறது, மூடுறது, யாரு உள்ள போறா யாரு வெளிய வரான்னு பாக்குறது. சொல்லும்போது வாட்ச்மேன் வேலை மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்குறது ராஜா, ராத்திரி ஒருத்தன் தப்பா உள்ள போயிட்டா அடுத்த நாள் ஆட்சியே மாறிப்போயிருக்கலாம். அதனாலதான் சாவிக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு அடையாள வில்லை, ராத்திரிக்கு ஒரு ரகசிய வார்த்தைன்னு இவ்வளவு கட்டுப்பாடு.

மொதல்ல கியோங்பொக்குங். 1395ல கட்டினது, ஜோசோன் வம்சத்தோட தலைமை அரண்மனை, 1592ல ஜப்பான் படையெடுப்பு சமயத்துல எரிஞ்சு போய் 270 வருஷத்துக்கு மேல அப்படியே பாழாக் கெடந்து, 1860கள்லதான் திரும்பக் கட்டுனாங்க. காவல் மாத்துறது காலைல 10 மணிக்கு ஒண்ணு, மத்தியானம் 2 மணிக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் சுமாரா 20 நிமிஷம். குவாங்ஹ்வாமுன் தாண்டி உள்ள போனா ஒரு பெரிய முற்றம், அந்தப் பக்கம் ஹுங்னியேமுன், நடுவுல இருக்குற இந்த முற்றத்துலதான் எல்லாம் நடக்கும். டிக்கெட் கேக்குற எடம் ஹுங்னியேமுன்லதான், அதனால காவல் மாத்துறத மட்டும் பாக்குறதுக்கு காசு ஒண்ணும் வேணாம், இது நெறைய பேருக்குத் தெரியாம காலங்காத்தால டிக்கெட் க்யூல நின்னுட்டு பாதி நிகழ்ச்சிய கோட்டை விடுறாங்க. உள்ள போகணும்னா 3000 வான், ஹான்போக்னு சொல்ற கொரிய மரபு டிரஸ்ஸ வாடகைக்கு எடுத்துப் போட்டுட்டுப் போனா அதுவும் ஃப்ரீ.

பாக்க எப்படி இருக்கும்னா, பிரம்மாண்டம், வேற வார்த்தை இல்ல. பின்னாடி புகாக் மலை, அதுக்கு முன்னாடி கூரை மேல கூரையா அரண்மனை, கொடி புடிச்சவங்க, வில்லு வச்சவங்க, ஈட்டி வச்சவங்க, பேண்ட் வாத்தியக்காரங்கன்னு வரிசை வரிசையா வந்து முற்றத்த நிரப்புவாங்க. ஸ்பீக்கர்ல கொரியன், இங்கிலீஷ், ஜப்பானீஸ், சைனீஸ்னு விளக்கம் ஓடும். சரித்திர கே-டிராமா பாத்து வளந்த ஆளுங்களுக்கு இது போதும், சட்டுனு ஏதோ சீன் உள்ள நடந்து போன மாதிரி இருக்கும், என் கூட வந்த அக்கா பொண்ணு 20 நிமிஷமும் ஃபோன கீழ எறக்கவே இல்ல.

குறை என்னன்னா தூரம். முற்றம் பெருசு, கயிறு கட்டியிருப்பாங்க, நீங்க நிக்குற எடத்துக்கும் அதிகாரிங்க பேசிக்கிற எடத்துக்கும் நடுவுல நல்ல இடைவெளி, அதுக்கு நடுவுல செல்ஃபி ஸ்டிக் காடு. அவங்க ஏதோ பெட்டிய மாத்திக்கிறாங்க, ஏதோ வில்லைய ஒத்துப் பாக்குறாங்கன்னு தெரியும், என்னத்தன்னு தெரியாது. அணிவகுப்பு மட்டும்தான் கண்ணுல நிக்கும். அரை மணி நேரம் முன்னாடியே போய் மொத வரிசைல நின்னாதான் கொஞ்சமாச்சும் புரியும்.

ஆனா அந்த எடத்தோட கதைய தெரிஞ்சுக்கிட்டு நின்னீங்கன்னா விஷயமே வேற. ஹுங்னியேமுன் இப்ப இருக்குற எடத்துல 1926ல, அப்ப கொரியாவ ஆண்ட ஜப்பான்காரங்க அவங்க ஆளுநரோட தலைமை அலுவலகத்த, கல்லுல, அரண்மனைய மறைக்கிற மாதிரி கட்டுனாங்க, அதுக்காக குவாங்ஹ்வாமுன்ன பேத்து எடுத்து கிழக்குப் பக்கம் ஒதுக்கி வச்சாங்க. அந்த வாசலோட மரக் கட்டு கொரியப் போர்ல எரிஞ்சது, 1968ல கான்கிரீட்ல திரும்ப வச்சாங்க, அதையும் இடிச்சுட்டு 2010ல பழைய எடத்துலயே மரத்துல கட்டுனாங்க, 2023ல வாசலுக்கு முன்னாடி இருந்த கல் மேடையையும் திரும்பக் கொண்டு வந்து பெயர்ப்பலகைய கருப்புல தங்க எழுத்தா மாத்துனாங்க. நடுவுல 1995ல ஆரம்பிச்சு அந்த ஆளுநர் அலுவலகத்த இடிச்சுத் தள்ளிட்டு 2001ல ஹுங்னியேமுன்ன திரும்பக் கட்டி முடிக்க, அடுத்த வருஷமே காவல் சடங்கு ஆரம்பம். அவங்க கால் வைக்கிற மண்ணு அது, அதனால டூரிஸ்ட்டுக்குக் காட்டுற வேஷம்னு சும்மா தள்ளிட முடியல என்னால.

இன்னொண்ணு, இந்த வாசல் காவலோட நெஜமான சரித்திரம் அவ்வளவு பெருமையா இல்ல. 1895 அக்டோபர்ல ஜப்பான் ஆளுங்க இந்த அரண்மனைக்குள்ள புகுந்து ராணிய கொன்னாங்க, காவல் நிக்கல. நாலு மாசம் கழிச்சு 1896 பிப்ரவரில ராஜா கோஜோங் பயந்து போய் மகனோட தப்பிச்சு ரஷ்யத் தூதரகத்துக்கு ஓடுனாரு, எப்படின்னா அரண்மனைப் பெண்கள் போற பல்லக்குல ஒளிஞ்சு உக்காந்து. வாசல்ல இருந்த காவல்காரங்க பல்லக்கத் திறந்து பாக்கவே இல்ல! சாவிப் பெட்டி, அடையாள வில்லை, ரகசிய வார்த்தை எல்லாம் இருந்தும் ராஜாவே வெளிய போனத கண்டுபுடிக்கல. ஸ்பீக்கர்ல இதச் சொல்லுவாங்கன்னு எதிர்பாக்காதீங்க.

அப்படி ஓடின கோஜோங் ஒரு வருஷம் கழிச்சு வந்து எறங்குன எடம்தான் நம்ம ரெண்டாவது ஆளு, தொக்சுகுங். அப்ப அதுக்கு கியோங்குன்குங்னு பேரு, 1897ல அங்க இருந்துதான் நாட்ட பேரரசுன்னு அறிவிச்சாரு, 1907ல ஜப்பான் அவர கட்டாயப்படுத்தி பதவிய விட்டு எறக்குனப்போதான் தொக்சுகுங்னு பேரு வந்தது. மொத்த அரண்மனையும் கியோங்பொக்குங் பக்கத்துல வச்சா குட்டி. வாசல் தேஹன்முன் நேரா மெயின் ரோட்டு மேல இருக்கு, எதிர்ல சிட்டி ஹால் மைதானம், பஸ் போகும், பக்கத்துல ஏதாவது போராட்டம் நடந்தா மைக் சத்தம் கூட கலக்கும். ரோட்ட அகலப்படுத்துறேன்னு 1970ல இந்த வாசலையே 33 மீட்டர் பின்னாடி நகத்திட்டாங்க. பிரம்மாண்டம் தேடிப் போனா ஏமாந்துதான் போவீங்க.

ஆனா இங்கதான் சடங்கே புரியும். காலைல 11, மத்தியானம் 2, வாசலுக்கு வெளிய, நடைபாதைய ஒட்டி, டிக்கெட்டே கெடையாது. ஏற்கனவே வாசல்ல ஒரு குழு நின்னுட்டு இருக்கும், மாத்த வர குழு பேண்ட் வாத்தியத்தோட வரும். மொதல்ல ரகசிய வார்த்தை, ஒரு பக்கம் கேப்பாங்க, இன்னொரு பக்கம் பதில் சொல்லணும், நெஜ காலத்துல இது தினம் மாறும், ராஜாவோட ஒப்புதல் வாங்கித்தான் குடுப்பாங்களாம். அது சரின்னு ஆனதும் ஓரத்துல ஒரு பெரிய முரசு இருக்கும், அத அடிக்கிறதுக்குன்னே ஒருத்தரு, அவரு மூணு கட்டமா அடிப்பாரு. மொத கட்டத்துல சாவிப் பெட்டி கை மாறும். ரெண்டாவதுல ரோந்து போறவங்களுக்கான அடையாள வில்லை கை மாறும். மூணாவதுல ரெண்டு குழுவும் எதிர் எதிரா வரிசை கட்டி, வணக்கம் வச்சு, எடம் மாறிக்கும். அரண்மனை உள்ளேருந்து வந்த அதிகாரிங்க ரெண்டு பேரு இது எல்லாத்தையும் பக்கத்துல நின்னு மேற்பார்வை பாப்பாங்க, ஏன்னா காவல்காரனையும் ஒருத்தன் காவல் காக்கணும்ல.

இத நான் பாத்தது நாலு அடி தூரத்துல இருந்து. ஒருத்தரு பெட்டிய ரெண்டு கையாலயும் ஏந்திக் குடுக்குறதும் மத்தவரு குனிஞ்சு வாங்குறதும் தெளிவா தெரியுது. முரசு அடிச்சா நெஞ்சுல அதிருது. கியோங்பொக்குங்ல ரெண்டு தடவ பாத்தும் புரியாத விஷயம் இங்க ஒரே தடவைல மண்டைல ஏறுச்சு, ஓ இது அணிவகுப்பு இல்ல, இது சார்ஜ் ஒப்படைக்கிறதுடா, பேங்க்ல கேஷியர் மாறும்போது ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணி கையெழுத்துப் போடுறாங்களே அதேதான்னு. நான் தொக்சுகுங்குக்கு ஓட்டுப் போடுறதுக்கு முழு காரணமும் இது ஒண்ணுதான். கூடவே முடிஞ்சதும் அந்தக் கால டிரஸ்ஸ நாமளும் போட்டு ஃபோட்டோ எடுத்துக்கலாம். டிரஸ் போட்டுப் பாக்குற வசதி கியோங்பொக்குங்லயும் இருக்கு, ஆனா அங்க க்யூ நீளம்.

வாத்தியம் பத்தி தனியா சொல்லியே ஆகணும். ரெண்டு எடத்துலயும் வாசிக்கிறது தேச்விதான்னு சொல்ற பழைய ராணுவ இசை. வரிசைக்கு முன்னாடி நிக்குறவரு ஒரு கோல ரெண்டு கையாலயும் படுக்கவசமா தூக்கிப் புடிச்சு கத்துவாரு, "ஒரு தட்டு தட்டி தேச்விதா வாசிங்க"ன்னு அர்த்தம், உடனே பெரிய தாம்பாளம் மாதிரி ஒரு வெண்கல வட்டத்துல ஒரே ஒரு அடி, அதுக்கப்புறம் எல்லாம் சேந்து எழும். நீளமா ஒரு பித்தளை எக்காளம், அதுல ஒரே சுரம்தான் வரும். ஒரு பெரிய சங்கு, அதுலயும் ஒரே சுரம். இது ரெண்டும் மாத்தி மாத்தி ஊத, மெட்ட தூக்கிட்டுப் போறது தேபியோங்சோ மட்டும்தான், மரக் குழல், வாய்ல இரட்டை சீவாளி, அடில பித்தளை அணசு. நாதஸ்வரம் கேட்டு வளந்த காதுக்கு இது சுத்தமா அந்நியமா தெரியாது, அளவு சின்னது, சத்தம் இன்னும் கூர்மை, ஆனா இரட்டை சீவாளிக்கே உண்டான அந்தப் பிசிறு அப்படியே இருக்கு. இசைக்காகப் போறீங்கன்னா, முற்றத்து மதிலுங்களுக்கு நடுவுல சத்தம் சுத்தி வர்ற கியோங்பொக்குங்குக்குத்தான் மார்க். தேஹன்முன்ல தேபியோங்சோ உச்சத்துக்குப் போற சமயத்துல 'பொய்ங்'னு ஒரு பஸ் ஹாரன் வந்துச்சு, அது ஒரு தனி ஃப்யூஷன்.

இப்ப "எது ஒரிஜினல்" சண்டை. எங்க போனாலும் இந்தக் கேள்வி வரும், நேர்மையா சொன்னா ரெண்டும் கொஞ்சம் கோல்மால்தான். கியோங்பொக்குங்ல போடுற டிரஸ் ஜோசோன் காலத்து ஆரம்பப் பகுதி, 15ம் நூற்றாண்டு கணக்கு. ஆனா பின்னாடி தெரியுற வாசல் 19ம் நூற்றாண்டு அமைப்ப வச்சு 2010ல கட்டினது. தொக்சுகுங்ல இன்னும் பெரிய சிக்கல். அங்க போடுறது ஜோசோன் கடைசிக் கால மரபு டிரஸ், அழகா இருக்கு, ஆனா கோஜோங் அந்த அரண்மனைல பேரரசரா இருந்தப்போ அவரோட காவல் படை மேற்கத்திய பாணில யூனிஃபார்ம் போட்டு துப்பாக்கி வச்சிருந்த நவீனப் படை. உள்ள போனீங்கன்னா 1910ல கட்டி முடிச்ச கிரேக்கத் தூண் வச்ச கல் மாளிகையே நிக்குது. அந்த நெஜ காவல் படைய 1907 ஆகஸ்ட் 1ல ஜப்பான் கலைச்சுது, அன்னிக்கு ஒரு பட்டாலியன் தளபதி பாக் சுங்ஹ்வான் தன்னையே சுட்டுக்கிட்டு செத்தாரு, சிப்பாய்ங்க ஆயுதத்த எடுத்துட்டு பழைய நகரத்தோட தெற்கு வாசல் சுங்ன்யேமுன் பக்கம் சண்டை போட்டாங்க. தேஹன்முன்ல இருந்து நடந்து போற தூரம் அது. அந்தக் கதைய ஒரு நாளாவது அந்த யூனிஃபார்ம்லயே நடிச்சுக் காட்டலாம்ல, டூரிஸ்ட்டுக்கு ஈட்டியும் இறகும்தான் புடிக்கும்னு ஏன் முடிவு பண்ணாங்களோ.

லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையோட இத ஒப்பிடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க நிக்குறது பணில இருக்குற நெஜ சிப்பாய்ங்க, காக்குறதுக்கு ராஜாவும் இருக்காரு. சியோல்ல ராஜா இல்ல, நிக்குறவங்க சம்பளத்துக்கு நடிக்கிற கலைஞர்கள். அதுக்காக தோள்ல கை போடுறது, ஈட்டிய புடிச்சு இழுக்குறது எல்லாம் வேணாம், வெயில்லயும் குளிர்லயும் கண் சிமிட்டாம நிக்குறது அவங்க தொழில், பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுங்க, வணக்கம் சொல்லுங்க, வந்துடுங்க.

அணிவகுப்பு, பெட்டி, முரசு எல்லாம் சரி, ஒருத்தனாவது கத்திய எடுத்து வீசுவானான்னு கேக்குற ஆளா நீங்க? அப்ப சுவோன் போங்க. சியோல்ல இருந்து சப்வே ஒண்ணாம் லைன்ல சுமாரா ஒரு மணி நேரம், ஸ்டேஷன்ல எறங்கி பஸ்ஸோ டாக்ஸியோ. ராஜா ஜோங்ஜோ 1794ல இருந்து 1796க்குள்ள கட்டின ஹ்வாசோங் கோட்டை, 1997ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்தது. அவரோட அப்பா இளவரசர் சாதோவ 1762ல தாத்தாவே அரிசிப் பெட்டிக்குள்ள அடைச்சு சாக விட்ட கதை கே-டிராமா ரசிகர்களுக்கு மனப்பாடமா தெரிஞ்சிருக்கும். அந்த அப்பாவோட சமாதிய சுவோன் பக்கம் மாத்திட்டு, அங்க ஒரு கோட்டையும் தங்குறதுக்கு ஒரு அரண்மனையும் கட்டி, தனக்குன்னு ஜாங்யோங்யோங்னு ஒரு சொந்தக் காவல் படையும் வச்சிக்கிட்டாரு. அப்பனுக்கு நடந்தத பாத்த புள்ள யாரையும் நம்பாம தனிப்படை வச்சதுல என்ன ஆச்சரியம்.

அந்தப் படைக்குப் பயிற்சி குடுக்க 1790ல அவரு உத்தரவுல படம் போட்டு ஒரு போர்க்கலை நூல் தொகுத்தாங்க, அதுல இருக்குற 24 கலைகளத்தான் தங்குற அரண்மனையோட முன் வாசல் சின்புங்னுல செஞ்சு காட்டுறாங்க. திங்கள் தவிர தினமும் காலைல 11 மணி, வாசலுக்கு வெளியங்கறதால ஃப்ரீ. வாளு, இரட்டை வாளு, நீளத் தடி மேல வளைஞ்ச கத்தி, ஈட்டி, கேடயம், வைக்கோல் கட்டு மேல ஒரே வீச்சு, பாதி கட்டு கீழ விழும். சாவிப் பெட்டி சமாச்சாரம் எல்லாம் இதுல எதிர்பாக்காதீங்க, இது முழுக்க பயிற்சிக் களம். குழந்தைங்க கூட்டிட்டுப் போறவங்களுக்கு கண்ண மூடிட்டு நான் சொல்றது இதான், கியோங்பொக்குங்ல பத்தாவது நிமிஷத்துல "எப்பப்பா முடியும்"னு கேட்ட என் தம்பி மகன் இங்க வாயப் பொளந்து நின்னான். டிரஸ்ஸும் எடமும் பொருந்துறதும் இங்கதான் அதிகம், ஜோங்ஜோ கட்டின ஊரு, ஜோங்ஜோ படை, ஜோங்ஜோ நூலு. போக வர அரை நாள் போயிடும், அது ஒண்ணுதான் இடைஞ்சல்.

எந்தக் கிழமைல இருக்கீங்கங்கறதுதான் பாதி முடிவ எடுக்கும். கியோங்பொக்குங்குக்கு செவ்வாய் லீவு, தொக்சுகுங்குக்கு திங்கள் லீவு. நான் மொத தடவை செவ்வாய்க்கிழமை காலைல ஹான்போக் எல்லாம் வாடகைக்கு எடுத்துட்டு குவாங்ஹ்வாமுன் முன்னாடி போய் நின்னேன், பூட்டின வாசல், என் தப்புதான். திங்கள்னா கியோங்பொக்குங் தவிர வேற வழி இல்ல, செவ்வாய்னா தொக்சுகுங் இல்லன்னா சுவோன். மழை, கடுங்குளிர், கொளுத்துற வெயில் இதுக்கெல்லாம் நிறுத்திடுவாங்க, ஜூலை மாசம் போறவங்க அன்னன்னிக்கு காலைல ஒரு தடவ செக் பண்ணிக்கோங்க, நேரமும் சீசனுக்கு சீசன் மாறலாம்.

புதன்ல இருந்து ஞாயிறுக்குள்ள ஒரு காலைல ஃப்ரீயா இருந்தா இப்படிப் பண்ணுங்க. ஒன்பதரைக்கு குவாங்ஹ்வாமுன் உள்ள போய் மொத வரிசைல எடம் புடிங்க, 10 மணிது பாருங்க, பத்து இருபதுக்கு முடிஞ்சதும் அரண்மனைக்கு உள்ள போற ஆசைய கொஞ்சம் தள்ளி வச்சுட்டு வெளிய வந்து நேரா தெற்கால நடங்க. வழில ராஜா செஜோங் சிலை, அதுக்கப்புறம் தளபதி யி சுன்சின் சிலை, ஒரு இருபது நிமிஷ நடைல வலது பக்கம் தேஹன்முன் வந்துடும், ஒரு காபி வாங்கிட்டே போனாலும் 11 மணி முரசுக்கு நேரம் இருக்கு. வாசலப் பாத்து நின்னு முரசு எந்தப் பக்கம்னு மொதல்ல கண்டுபுடிங்க, அதுக்குப் பக்கத்துல போய் நில்லுங்க, சாவிப் பெட்டி கண்ணுல படும்.